ராகு காலத்துக்கு முன் புறப்பட்ட செருப்புகள்

“நாங்கள் எல்லாரும் ஆறு ஐம்பதுக்குப் பிறகுதான் வருவம், யோசெப்பின்.”

மேல்வீட்டுச் சிவநேசம் அக்கா படியில் நின்றபடி, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்வதுபோல இதைச் சொன்னார். அப்போது செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று நாற்பது. நகரசபைக் கதவு ஏழு மணிக்கு மூடும். என் கையிலிருந்த ஆப்பிள் கிண்ணம் கீழே விழாதது அந்தோனியாரின் புண்ணியம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் எனக்கு வராது என்பார்கள், முயற்சி செய்கிறேன்.

மொன்றியலின் வடக்குப் பக்கத்தில், ஒரு கீழ்வீட்டில் நான் கார்டரி நடத்துகிறேன். தாய் தகப்பன் வேலைக்குப் போகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். எட்டுப் பிள்ளைகள், உதவிக்குப் பிரஷாந்தினி. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, பிள்ளைகளைக் கயிற்றில் கோர்த்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போவோம். கயிற்றில் எட்டு வளையம், ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து நடக்க வேண்டும். கடைசி வளையம் எலோடிக்கு. மூன்று வயதுதான் அவளுக்கு. வேறு யாராவது அந்த வளையத்தைத் தொட்டால் தெருவே அதிரும்.

தெருமுனையில் ஒரு பழைய தையல் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. சிவநேசம் அக்கா அங்கேதான் பதினேழு வருடம் சேட்டுக்குக் கொலர் தைத்தவர். அதை ஒரு பொதி விநியோகக் கொம்பனி வாங்கிவிட்டது. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை அங்கே இறக்கி, சின்ன வான்களில் ஏற்றி அனுப்பப் போகிறார்களாம். நாளுக்கு நூற்று நாற்பது லொறி. ஒவ்வொரு லொறியும் நடைபாதையைக் குறுக்கறுத்துப் பின்பக்கமாகத்தான் உள்ளே போக முடியும். பூங்காவுக்குப் போக எங்களுக்கு அந்த நடைபாதையை விட்டால் வேறு வழி கிடையாது.

கடந்த மாசி மாதம் அந்தக் கட்டிடத்தைக் கழுவித் துடைக்க முதல் லொறி வந்தது. பனிக்குவியலுக்குப் பக்கத்தால் பின்னுக்கு வந்தது. நான் கத்தினேன். பிரஷாந்தினி கயிற்றை இழுத்தாள். லொறி நின்றபோது எலோடியின் சிவப்புத் தொப்பிக்கும் அதன் இரும்புக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்கவில்லை. நான் இரண்டு கையாலும் லொறியை அடித்தேன். சாரதி இறங்கி வந்து, பிள்ளையைப் பார்த்து, பனியில் குந்தியிருந்து அழுதான். அவன் கெட்டவன் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை லொறிக் கண்ணாடியில் தெரியாது. சிவநேசம் அக்காவின் மகன் யதுர்ஷன் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவன். அவனும் அதையேதான் சொன்னான்.

“அன்ரி, பின்னுக்கு எடுக்கேக்கை எனக்கும் தெரியாது. நூற்று நாற்பது தரம் எடுத்தால் ஒருநாள் பிழை நடக்கும்.”

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது, கோபம் கூடியது.

அந்தக் கொம்பனி வருவதற்கு எங்கள் தெருவின் கட்டிட விதியை நகரசபை மாற்ற வேண்டும். மாற்றம் பிடிக்காவிட்டால் மறுப்புச் சொல்லச் சனத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நகரசபை ஒரு நாள் முழுக்க ஒரு பதிவேட்டைத் திறந்து வைக்கும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை. சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிற குடியுரிமைக்காரர் நேரே வந்து, அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துச் சேர்ந்தால் நகரசபை வாக்கெடுப்பு வைக்க வேண்டும், அல்லது திட்டத்தைக் கைவிட வேண்டும். வாக்கெடுப்புச் செலவுக்குப் பயந்து அநேகமாகக் கைவிடுவார்கள் என்று பிரஷாந்தினி கணினியில் தேடிப் படித்துச் சொன்னாள். இருநூற்றுப் பதினொன்று வந்தால் லொறி வரும்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் நான் ஒருத்தி இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் இருந்தும் குடியுரிமை விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிற சோம்பேறி நான். இன்றைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது. கையெழுத்து வைக்க எனக்குக் கை இல்லை என்பதால் மற்றவர்களின் கையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. மூன்று கிழமை வீடு வீடாக ஏறினேன். கிரேக்கர், ஹெயிட்டிக்காரர், வங்காளிகள், கியூபெக்காரர் எல்லாரிடமும் போனேன். அவர்கள் காலையிலேயே போய்க் கையெழுத்து வைத்துவிட்டார்கள். நகரசபைக்கு வெளியே மரவாங்கில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த யதுர்ஷன் மூன்றரைக்குத் தொலைபேசியில் சொன்ன கணக்கு எழுபத்தொன்று.

மிச்சம் நம்முடைய ஆட்கள். நூற்று எழுபத்தெட்டுப் பேர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். “ஓம் ஓம், வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வாறம்.” ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

அதனால்தான் சிவநேசம் அக்கா சொன்னதைக் கேட்டதும் கிண்ணத்தை அப்படியே படியில் வைத்துவிட்டேன்.

“ஏனக்கா ஆறு ஐம்பது?”

அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். தியாகலிங்கம் அண்ணை எங்கள் தெருத் தமிழ் ஆட்களின் வட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர். ஓய்வுபெற்ற தபால்காரர், கோயில் காரியமா, செத்த வீடா, பனி அள்ளுகிற நாளா, எல்லாம் அவர் வாயிலாகத்தான் தெரியவரும். நல்ல மனுஷன். எனக்கு உதவி செய்யவேண்டும் என்ற ஆசையில் மூன்றரைக்கு ஒரு செய்தி போட்டிருந்தார்.

“இன்று எமது தெருவுக்காகக் கையெழுத்து வைக்கும் அன்பர்கள் கவனிக்கவும். ராகு காலம் 4.51 முதல் 6.48 வரை. நல்ல காரியம் வெற்றி பெற 6.48க்குப் பின் செல்லவும். அனைவரும் வருக.”

கீழே தொண்ணூறு கும்பிட்ட கைகள்.

“அக்கா! ஊரிலை செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூண்டிலை இருந்து நாலரை எல்லே? எனக்கே தெரியும், நான் வேதக்காரி. நாலரையோடை முடிஞ்சுது!”

“அது ஊர்ச் சூரியனுக்கு. இஞ்சை ஆனி மாதம், அஞ்சு மணிக்கு விடிஞ்சு ஒன்பதுக்குக் கிட்டவெல்லோ பொழுதுபடுது. பகலை எட்டாப் பிரிக்க வேணும். ஏழாவது பங்கு ராகுவுக்கு. தியாகலிங்கத்தார் கணக்குப் பிழைக்காது.”

“ஆறு நாப்பத்தெட்டிலை இருந்து ஏழு மட்டும் பன்னிரண்டு நிமிஷம்! ரெண்டு மேசை! ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் எண்டாலும் இருபத்தினாலு பேர்தான். மற்றவை எல்லாம் வாசல்லை நிண்டு ராகுவைக் கும்பிடுவினமோ?”

“நீர் ஏன் என்னோடை கத்துறீர்? உங்கட ஆக்கள் மட்டும் திறமோ? இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் பூசையை விட்டிட்டு ஆர் வருவினம்?”

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பூசை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். நான் தவறாமல் போகிற பூசை. அன்றைய நாளை மூன்று கிழமையாகக் குறித்துவைத்திருந்த எனக்கு இது ஒருமுறைகூடத் தட்டுப்படவில்லை. ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு நின்றவள் நான், என் முதுகில் இருந்த அழுக்கை இன்னொருத்தி காட்ட வேண்டியிருந்தது.

உடனே பிலோமினம்மாவை அழைத்தேன். எங்கள் பங்கில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

“பூசைக்கு முதல் வரேலாது பிள்ளை, எல்லாரும் வேலையாலை நேரே கோயிலுக்குத்தான் வருவினம். முடிஞ்ச கையோடை நாற்பது பேரையும் நான் கூட்டிக்கொண்டு வாறன். ஆறு நாற்பதுக்கு நிப்பம். பயப்பிடாதை.”

நாற்பது பேர் கடைசி இருபது நிமிடத்தில். அதுவே கழுத்தைப் பிடிக்கிற கணக்கு. அதே நேரத்தில் நூறு இந்துக்களும் வந்தால் ஒருவரும் உள்ளே போக முடியாது. எப்படியாவது சிவநேசம் அக்காவின் ஆட்கள் ஐந்து மணியிலிருந்து வந்தாக வேண்டும்.

“அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். இதுக்கு ஒரு பரிகாரமும் இல்லையோ?”

சிவநேசம் அக்கா கைபிடிச் சுவரில் சாய்ந்து யோசித்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று ஐம்பத்தொன்று.

“ராகு காலத்திலை ஒரு காரியத்தைத் தொடங்கத்தான் கூடாது. முன்னமே தொடங்கினது நடந்துகொண்டு இருந்தால் ஒண்டும் இல்லை. போன வரியம் நான் ஊருக்குப் போகேக்கை பிளேன் ராகு காலத்திலைதானே? நான் என்ன செய்தனான்?”

ஞாபகம் வந்தது. விடியற்காலையில் என் கதவைத் தட்டி அவருடைய சூட்கேசை என் நடையில் கொண்டுவந்து வைத்தவர். நான் அதில் தடக்கிப் பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன்.

“பெட்டி நல்ல நேரத்திலை வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்ட மாதிரித்தான்,” என்றார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முகம் அப்படியே மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“செருப்பு!”

“என்ன செருப்பு?”

“ஆளுக்கு ஒரு செருப்பு, யோசெப்பின்! நாலு ஐம்பத்தொண்டுக்கு முன்னம் நகரசபை வாசல் தாண்டி உள்ளை போயிட வேணும். செருப்புப் போனால் ஆள் வெளிக்கிட்டாச்சு. பேந்து ஆள் எப்ப வந்தால் என்ன?”

நான் வேறு நாளில் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் உடனே தியாகலிங்கம் அண்ணையை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனையில் அவர் நெற்றியைத் தடவுகிற சத்தம் எனக்குக் கேட்டதாகவே பட்டது.

“சரிதான்,” என்றார் கடைசியில். “ஆனால் வலது கால் செருப்பா இருக்க வேணும். இடது கொண்டுபோனால் நான் பொறுப்பில்லை.”

“அண்ணை, கெதியா எழுதிப் போடுங்கோ! வேலையிலை நிக்கிறவை வீட்டிலை இருக்கிற ஆக்களிட்டைச் சொல்லட்டும். ஒருவரும் இல்லாட்டி வாசல்லை கிடக்கிறதை எடுக்கச் சொல்லி ஓம் எண்டு எழுதட்டும்!”

“நீர் என்னை அவசரப்படுத்தாதையும், யோசெப்பின். எழுத்துப் பிழை வரும்.”

நாலு மணி ஒரு நிமிடத்துக்குச் செய்தி வந்தது. பிள்ளைகள் பின்னேர நடைக்கு ஆயத்தமாகச் சப்பாத்தும் தொப்பியும் போட்டு நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆறு பேர் இருக்கக்கூடிய நீளமான தள்ளுவண்டி வாசலில் வெறுமையாக நின்றது. நானும் பிரஷாந்தினியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“அன்ரி, நடைக்குத்தானே வெளிக்கிடுறம்,” என்றாள் அவள். “வழியிலை செருப்புப் பொறுக்கினால் சட்டத்திலை பிழையே?”

வண்டியைத் தள்ளப் போனேன். சிவநேசம் அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

“முதல் உம்மடை.”

“எனக்கென்னத்துக்கு? நான் வேதக்காரி. கையெழுத்தும் வைக்கேலாது.”

“தொடங்கிறவள் நீர். செருப்புக்கு என்ன மதம்? கழற்றும்!”

என் வலது கால் செருப்பைக் கழற்றினேன். மண்ணிறத் தோற்பட்டி வைத்த, நல்ல விலைக்கு வாங்கிய செருப்பு. வண்டியில் போட்டேன். வலது காலில் பிரஷாந்தினியின் பச்சை றப்பர்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம். அப்படியே தெருவில் இறங்கினேன்.

அடுத்த நாற்பது நிமிடம் நான் என் வாழ்க்கையில் ஓடாத ஓட்டம்.

மொன்றியல் வீடுகளுக்கு மேல்மாடிப் படிகள் தெருவில்தான், முறுக்கிக்கொண்டு ஏறும் இரும்புப் படிகள். எத்தனைக்குத்தான் ஏறுவது? நான் கீழே நின்று “செருப்பு! வலது கால்!” என்று கத்தினேன். மாடியிலிருந்து எறிந்தார்கள். அரசியலில் இறங்கினால் செருப்பு விழும் என்று சொல்வார்கள், எனக்கு இரண்டு பக்கமும் விழுந்தது. பாட்டா செருப்பு, ஓட்டச் சப்பாத்து, கல்யாணத்துக்குப் போட்ட கல்லு வைத்த செருப்பு, ஒருவருடைய குளிர்காலச் சப்பாத்துக்கூட வந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஆன், டூ, துறுவா” என்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு பொறுக்கிப் பொறுக்கி வண்டியில் போட்டார்கள். எலோடி ஒரு கையால் கடைசி வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஒவ்வொரு செருப்பையும் வரிசையாக அடுக்கினாள். இது தனக்குத் தந்த வேலை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

“அன்ரி, இது இடது!” என்று பிரஷாந்தினி கத்துவாள். நான் திரும்பி ஓடுவேன். மேலே நிற்கிறவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வலதை எறிவார்.

டெப்பனர் என்கிற மூலைக்கடைக்கார வங்காளி வாசலில் வந்து நின்று என்ன நடக்கிறது என்று கேட்டார். விளங்கப்படுத்த நேரமில்லை. காலையிலேயே கையெழுத்து வைத்தவர், அவரும் தன்னுடைய ஒரு செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட மூச்சு இல்லை.

நாலு முப்பத்தாறுக்குத் தொழிற்சாலை வாசலைக் கடந்தோம். அங்கே நான் எப்போதும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வளையங்களை எண்ணிவிட்டுத்தான் கடப்பேன். அன்றும் நின்றேன். எட்டு. அந்த அவசரத்திலும் அதை மட்டும் விடவில்லை.

பெரிய தெருவைக் கடக்கிற விளக்கு எங்களுக்குப் பதினைந்து வினாடிதான் தரும். எட்டுப் பிள்ளையும் பிரஷாந்தினியும் நானும் ஒரு வண்டிச் செருப்பும் அந்தப் பதினைந்து வினாடிக்குள் போனோம். அக்கரையில் தியாகலிங்கம் அண்ணை ஒரு கடைப்பையுடன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பைக்குள் பதினொரு செருப்பு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. தபால்காரர் எல்லோ.

“நாலு நாப்பத்தொண்டு,” என்றார். “பத்து நிமிஷம் இருக்கு.”

நகரசபை வாசலில் காவலுக்கு நின்றவர் ஹெயிட்டிக்காரர், ஆறடி உயரம். வண்டியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார்.

“பொன்ஜூர் மதாம். இது என்ன, ஆர்ப்பாட்டமா? ஆர்ப்பாட்டம் என்றால் உள்ளே விட முடியாது.”

என் பிரெஞ்சு கார்டரிப் பிரெஞ்சு. கை கழுவு, அழாதே, பகிர்ந்து விளையாடு, இவ்வளவுதான் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்: “இல்லை ஐயா. ஆட்கள் பின்னால் வருகிறார்கள். செருப்பு முதலில் வந்துவிட்டது.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் பின்னால் தியாகலிங்கம் அண்ணை மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். “நாலு நாப்பத்தாறு!”

“இது எங்களுடைய ஆட்களின் நம்பிக்கை,” என்றேன். “கெட்ட நேரம் தொடங்க முன் வாசலைத் தாண்ட வேண்டும். தயவுசெய்து.”

“கெட்ட நேரமா?” என்றார் அவர். அவருடைய குரல் இறங்கிவிட்டது. “என் அம்மாவும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு பத்திரத்திலும் கையெழுத்து வைக்க மாட்டார்.” உள்ளே போனவர் குளிர்காலத்தில் சனம் பனிச்சப்பாத்து வைக்கும் நீளக் கறுப்புத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடையின் இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டார். “சப்பாத்து வைக்கத்தானே இது. ஆனி மாதத்தில் வைக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.”

பிள்ளைகள் அடுக்கினார்கள். பதிவேட்டுக்குப் பொறுப்பான அம்மையார் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். பதிவேடு இருக்கும் இடத்தில் பிரசாரம் கூடாது என்றார். காவலாளி, “மதாம், செருப்புக்குக் கட்சி இல்லை,” என்றார். அந்த அம்மையார் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். எதிலும் எழுத்துக் கிடையாது, தியாகலிங்கம் அண்ணையின் பெயர்ச் சீட்டுகளைத் தவிர. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாலு நாற்பத்தொன்பதுக்குக் கடைசிச் செருப்பு வாசலைத் தாண்டியது. நூற்று ஆறு. வரிசையின் தலையில் என்னுடைய மண்ணிறச் செருப்பு.

நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி, வந்த தாய் தகப்பனிடம் ஒப்படைத்து, மிச்சப் பிள்ளைகளைப் பிரஷாந்தினியிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் ஐந்து இருபதுக்கு ஓடி வந்தேன். யதுர்ஷன் வாங்கில் தனியே இருந்தான்.

“எத்தினை பேர்?”

“நாலு பேர் அன்ரி.”

நூற்று ஆறு செருப்பு, நாலு மனிதர். முட்டாள்தனமான வேலை செய்துவிட்டேனோ? செருப்புப் போய்விட்டது, அதுவே போதும் என்று வீட்டில் இருந்துவிட்டார்களோ? நம்முடைய சனம் அப்படியும் நினைக்கும். நான் வாங்கில் இருந்து செபமாலையை உருட்டத் தொடங்கினேன். முதல் பத்து மணிகூட முடியவில்லை.

மெட்ரோ நிலையத்திலிருந்து நம்முடைய ஆட்கள் ஏறி வந்தார்கள். முதலில் மூன்று பேர், பிறகு எட்டு, பிறகு தெரு நிறைய. புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்கள் மஞ்சள் மேலங்கியோடு, லொங்கேய் அலுவலகங்களில் வேலை செய்கிற பெட்டைகள் கழுத்தில் அட்டையோடு. சிவநேசம் அக்கா பட்டுச்சேலையில் வந்தார். ஒவ்வொருவரும் நடைக்குள் நுழைந்ததும் முதலில் தங்கள் செருப்பைத் தேடினார்கள். கண்டதும் ஒரு சிரிப்பு. “என்ரை எனக்கு முன்னம் வந்திட்டுது!” பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேசைக்குப் போனார்கள். ராகு அவர்களைச் சீண்டவில்லை.

“நூற்று ஐம்பது,” என்றான் யதுர்ஷன். ஆறு மணி. எலோடியின் தாய் வேலையால் வந்து, மகளையும் பிரஷாந்தினியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். எலோடி செருப்பு வரிசையைக் கண்டு துள்ளினாள். “நூற்று எழுபத்தொன்பது.” ஆறு முப்பது. உள்ளே சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது, அட்டையில் பழைய விலாசம் என்று. எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் எண்ணிக்கை இனி நம்பத்தகாதது. நான் பிலோமினம்மாவை மூன்று தடவை அழைத்தேன், பூசையில் தொலைபேசியை நிறுத்திவைத்திருந்தார்.

ஆறு நாற்பத்திரண்டுக்குத் தெருவுக்கு அந்தப்பக்கம் அவர்கள் தெரிந்தார்கள். பிலோமினம்மா முன்னால், பின்னால் நாற்பதுக்கு மேல். விளக்கு சிவப்பு. காத்து நின்றார்கள். பச்சை விழுந்ததும் எழுபது வயது மனுஷி பதினைந்து வினாடிக்குள் அந்தப் பெருந்தெருவைக் கடந்த வேகத்தைப் பார்த்து நான் வாய்விட்டுக் கத்தினேன்.

“வாங்கோ! வாங்கோ! ஓடி வாங்கோ!”

அவர்களுடைய கைகளில் அந்தோனியார் பாண், பூசையில் மந்திரித்துக் கொடுத்தது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். திருநீறு பூசின தியாகலிங்கம் அண்ணை ஒரு துண்டு, காவலாளி இரண்டு துண்டு. அட்டைகளைக் கையில் எடுத்து வைத்திருந்ததால் ஆளுக்கு அரை நிமிடம்தான், மேசையில் பேனை ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கடைசி ஆள் உள்ளே போனார். ஏழு மணிக்குக் காவலாளி கதவை மூடினார்.

பிறகு எண்ணினார்கள். எங்களை நடையிலேயே நிற்க விட்டார்கள். செருப்புகளுக்கு நடுவில் ஏறக்குறைய எண்பது பேர் நின்றோம். பொறுப்பான அம்மையார் ஒரு தாளோடு வெளியே வந்து வாசித்தார். எனக்குப் பிரெஞ்சில் பெரிய இலக்கங்கள் பிடிபடாது. நான் பிரஷாந்தினியின் முகத்தையே பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எத்தினையடி? சொல்லடி!”

“இருநூற்று இருபத்தாறு, அன்ரி!”

அந்தக் கட்டிடம் அப்படி ஒரு கூச்சலை முன்பின் கேட்டிருக்காது. யதுர்ஷன் தன் தாயைத் தூக்கிச் சுற்றினான். தியாகலிங்கம் அண்ணை கைதட்டினார், காவலாளியும் தட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். அதோடு, அந்த இருநூற்று இருபத்தாறில் என் பெயர் இல்லை என்ற துக்கமும் சேர்ந்து வந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை. (மூன்று கிழமையில் நகரசபை திட்டத்தைக் கைவிட்டது. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.)

சிவநேசம் அக்கா என் கண்ணைத் தன் பட்டுத் தலைப்பால் துடைத்தார்.

“உம்மட செருப்பு முதல் நிண்டதெல்லோ. அது காணும்.”

எல்லாரும் தங்கள் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். தட்டுகள் வெறுமையாகின. என்னுடையதைக் காணவில்லை. காவலாளி கதிரைக்குக் கீழே பார்த்தார், யதுர்ஷன் குப்பைத்தொட்டியில்கூடப் பார்த்தான். இல்லை.

சிவநேசம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “கோயில்லை செருப்புத் துலைஞ்சால் சனி விட்டுது எண்டு அர்த்தம். இதுவும் ஒரு கோயில் மாதிரித்தான். போம், உம்மைப் பிடிச்ச சனி இண்டையோடை போட்டுது!”

றப்பர்ச் சப்பாத்தைப் பிரஷாந்தினியிடம் கொடுத்துவிட்டு, ஒரு கால் வெறுங்காலாக வீட்டுக்கு நடந்தேன். தொழிற்சாலை வாசலில், அந்த லொறி நின்ற இடத்தில், சீமெந்து இன்னும் சூடாக இருந்தது. வெறுங்காலை அதில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்குப் போனதும் லாச்சியைத் திறந்து குடியுரிமை விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. எலோடியும் தாயும். தாயின் முகத்தில் மன்னிப்பு. எலோடியின் நெஞ்சோடு அணைத்தபடி என் மண்ணிறச் செருப்பு.

“இரவு முழுக்க விடவில்லை,” என்றாள் தாய். “படுக்கையிலும் வைத்திருந்தாள். ‘தாந்த் யோசெப்பின் ஒரு செருப்போடு நடக்கிறா, பாவம்’ என்கிறாள்.” பிரெஞ்சில் ‘தாந்த்’ என்றால் அன்ரி.

எலோடி அதை என் வலது காலுக்கு முன்னால் சரியாக வைத்தாள். வலது எது என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

மேலே மாடியில் சிவநேசம் அக்கா துணி காயப் போட்டுக்கொண்டு நின்றார். நான் செருப்பை உயர்த்திக் காட்டினேன்.

“அக்கா! சனி திரும்பி வந்திட்டுது! இதுக்கு என்ன பரிகாரம்?”

அவர் எட்டிப் பார்த்தார். எலோடியைக் கண்டார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“இவள் கொண்டுவந்தால் அது சனி இல்லை,” என்றார். “போட்டுக்கொண்டு பிள்ளையளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போம்.”

போட்டுக்கொண்டேன். ஒன்பதரைக்குக் கயிற்றை எடுத்தோம். எலோடி ஓடிப்போய்க் கடைசி வளையத்தைப் பிடித்தாள். தொழிற்சாலை வாசலில் நான் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, எண்ணினேன். எட்டும் இருந்தன.